ஒரு நாள் வாசல்

பொம்மையார்பாளையத்தில் கடலுக்கு இறங்கும் சந்து. சனிக்கிழமை, பதினோரு மணி வெயில். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எதிர்வீடு முழுசாகத் தெரிகிறது. நீலக் கேட்டில் 'பாண்டி பீச் ஹவுஸ்' என்று பலகை. வீடு நிற்பது என்னவோ விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில். கோட்டக்குப்பம் தாண்டினால்தான் புதுச்சேரி.

ஒரு கூட்டம் இப்போதுதான் காலி செய்துவிட்டுப் போனது. அடுத்த கூட்டம் இரண்டு மணிக்கு. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுடையது. ஐம்பது வயதிருக்கும். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போர்வைகளை உதறுகிறார், கழிவறை கழுவுகிறார், பாட்டில்களைச் சாக்கில் போடுகிறார். கடைசியில் மணல். கடலில் குளித்தவர்கள் காலோடு கொண்டுவந்தது, கட்டிலுக்கு அடியில்கூடக் கிடக்கிறது. பெருக்கிக் கூட்டி முறத்தில் அள்ளுகிறார். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அவர் சந்து முனைவரை நடந்து, கருங்கற்களுக்கு அந்தப் பக்கம் கொட்டி, முறத்தைத் தட்டிவிட்டுத் திரும்புகிறார்.

ஒரு முறம் மணல். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை நீட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே அலை உருட்டிவந்த மணல் அங்கேயே தங்கிப்போனது. வடக்கே இருந்த குப்பங்களுக்கு வரவு நின்றது. கரை அரிபட்டு, வீடுகள் போயின. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்தக் கற்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் விளம்பரப் படத்தில் இந்தக் கற்களையும் காட்ட வேண்டும். காசு கொடுத்து வருகிறவனுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இரண்டு மணிக்கு வந்த கார் டிஎன் 16, திண்டிவனம் வண்டி. எப்போதும் சென்னை வண்டிகள்தான் என்று டீக்கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. பிள்ளைகள் செருப்பை உதறிவிட்டு ஓடி, கல்மேல் ஏறி நின்று, "பீச் எங்கப்பா?" என்றார்கள்.

பாட்டி உள்ளே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்தூரு பெரிம்மா?" சாவிக்கொத்து அம்மா கேட்டார்.

"திண்டிவனம். பொறந்தது மயிலம். வூட்ட பூட்டிட்டு வந்து இன்னொரு வூட்ல காசு குடுத்துத் தூங்கணுமாடான்னு கேட்டேன். புள்ளைங்க வுடல."

"இருந்துட்டுப் போங்க. விடியறத இங்கருந்து பாக்கணும்."

"பொயலுக்கு இங்க எப்பிடி?"

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையேறிய ராத்திரி. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. பாட்டி கையை இடுப்பளவு வைத்துக் காட்டினார். "இம்மாந் தண்ணி. நெல்லு மூட்டையெல்லாம் போச்சு."

"மழத்தண்ணி வடிஞ்சிடும் பெரிம்மா. எங்க வூடு அதோ, அங்க இருந்துச்சு." கை நீண்ட திசையில் கற்களுக்கு அப்பால் அலை மட்டும் புரண்டுகொண்டிருந்தது.

பாட்டி ரொம்ப நேரம் அங்கேயே பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அதற்கப்புறம் பேசவில்லை. சாயங்காலம் பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கோலமாவு இருக்கா உன்கிட்ட?"

கொட்டாங்குச்சியில் வந்தது.

ஞாயிறு விடிகாலை. கடை திறக்கவில்லை, பெஞ்ச் ஈரம். பாட்டி கேட்டைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்தார். பிளாஸ்டிக் வாளி, குளியலறையில் இருப்பது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து புள்ளி வைத்தார். ஒன்பது, நேர்ப்புள்ளி. கடல்காற்று மாவை இழுத்தது. இடது உள்ளங்கையால் காற்றை மறைத்துக்கொண்டு இழையை விட்டார். முடித்து, நிமிர்ந்து, ஒரு நாள் வீட்டைத் தலையாட்டிப் பார்த்துக்கொண்டார்.

காரை டீக்கடை ஓரமாகவே நிறுத்தியிருந்தார்கள். பதினோரு மணிக்கு அதில் ஏறிப் புறப்பட்டார்கள். அந்த அம்மா வந்தார். போர்வை, கழிவறை, பாட்டில், மணல். ஈரத்துணியோடு வாசலுக்கு வந்தவர் கோலத்தைச் சுற்றித் துடைத்தார். ஒரு இழைகூடக் கலையவில்லை.

இரண்டு மணிக்குச் சென்னை வண்டி ஒன்று கேட்டுக்குள் மூக்கை நுழைத்தது. அவர் ஓடிவந்து இரண்டு கையையும் அகல விரித்து நின்றார்.

"வெளியவே நிறுத்திக்குங்க சார்."