சுமையும் எல்லையும்

விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் செல்வோர் பிள்ளைகளின் மிதிவண்டிகளையும் உடன் கொண்டுபோக விழைவர். அமெரிக்க நாட்டில் இதற்கெனப் பலர் மகிழுந்தின் பின்புற அடிச்சட்டத்தில், பின்வண்டியை இழுப்பதற்கான எஃகு இணைப்பைப் பொருத்துகின்றனர். அதன் சதுரக் குழாயினுள் மிதிவண்டித் தாங்கியின் தண்டைச் செருகிப் பூட்டுவர். சிறிய மகிழுந்துகளில் அக்குழாயின் வாய் பெரும்பாலும் 1¼ அங்குலம்; பெரிய வண்டிகளில் 2 அங்குலம்.

மரையாணிகளைக் குறித்த அளவு இறுக்கிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுதல் கூடாது. இணைப்பு உறுதியாயிருத்தல் வேறு. வண்டி அதனைத் தாங்குதல் வேறு. 20 கிலோ எடையுள்ள தாங்கியில், 25 கிலோ எடையுள்ள மின்மிதிவண்டிகள் இரண்டை ஏற்றினால் மொத்தம் 70 கிலோ. ஓர் ஆளின் எடைதானே என்று தோன்றும். ஆயினும், ஆள் அமர்வது இரு அச்சுகளுக்கும் இடையில். இச்சுமை தொங்குவதோ பின்னச்சுக்கும் அப்பால். அச்சுகளின் இடைவெளி 2.7 மீட்டர் என்றும், சுமை பின்னச்சுக்கு 1.5 மீட்டர் பின்னே உள்ளதென்றும் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி பின்சக்கரங்களின்மேல் ஏறத்தாழ 109 கிலோ கூடும். முன்சக்கரங்களின்மேல் 39 கிலோ குறையும். வண்டியைத் திருப்புபவை முன்சக்கரங்கள் அல்லவா? அவற்றின் பிடி தளர்ந்தால், உள்ளே இருப்போரின் உயிருக்கே இடர்.

ஆகவே மகிழுந்து, இணைப்பு, தாங்கி ஆகிய மூன்றிற்கும் விதிக்கப்பட்ட அளவுகளுள் மிகக் குறைந்ததே எல்லையாகும். பின்விளக்குகளும் எண்பலகையும் மறையாதிருத்தலும் வேண்டும். மென்மையான மயிலிறகும் மிகுந்தால் வண்டியின் அச்சை முறிக்கும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தார். எஃகும் இயந்திரமும் பெருகிய இக்காலத்திற்கும் அது பொருந்துவதை மாணவர் கணக்கிட்டே காணலாம்.