நாலு இலக்கம் யார் கையில்?

கார் ரேடியோவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. போன மாதம் எங்கள் குழுவின் வண்டியில் மீட்டர் போர்டு மாற்றினோம். ரேடியோ பூட்டிக்கொண்டது. அதைத் திறக்கும் நாலு இலக்க எண்ணுக்காக ஒரு சர்வீஸ் சென்டர் வாசலில் மூன்று முறை நிற்க வேண்டியிருந்தது.

ஐந்து பேர் பணம் போட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி அது. ஆர்.சி. புக் எங்களில் ஒரு தோழர் பெயரில் இருக்கிறது. உண்மை அறியப் போவது, வாய்தாவுக்குச் சாட்சிகளைக் கூட்டிப் போவது, கூட்டம் முடிந்து நடுராத்திரியில் திரும்புவது எல்லாம் அதில்தான். செல்போன் சிக்னல் இல்லாத சாலையில், ஓட்டுகிற தம்பி கண்ணயராமல் இருக்க ரேடியோதான் துணை. அதனால் “பாட்டுதானே, விடுங்க” என்ற அறிவுரை எங்களிடம் எடுபடவில்லை.

மழைத் தண்ணீர் இறங்கிப் பழைய மீட்டர் போர்டு செத்துப்போனது. புதியது வாங்கக் கட்டுப்படியாகவில்லை. புதுப்பேட்டையில் அதே மாடலில் பழையது ஒன்று கிடைத்தது. மாட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் அணைந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்துக்கொண்டே விளக்கினார். இந்த வகை வண்டிகளில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் மீட்டர் போர்டுக்குள்தான் இருக்கிறது. அது சாவியைத் தெரிந்துகொள்ளாவிட்டால் என்ஜினை ஓட விடாது. லேப்டாப்பை இணைத்து, எங்கள் சாவியைப் புது போர்டுக்குப் பழக்கினார். வண்டி ஓடியது. ரேடியோ திரையில் மட்டும் ‘சேஃப்’ என்று நின்றது.

ரேடியோவுக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம்? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கார் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோவைப் பிடுங்கிக்கொண்டு போவது உலகம் முழுக்க நடந்த தொழில். அதைத் தடுக்கத்தான் இந்த எண் வந்தது. கரண்ட் அறுந்தால் செட் பூட்டிக்கொள்ளும், எண் சொன்னால் திறக்கும். ஆனால் பேட்டரியைக் கழற்றும் போதெல்லாம் எண் கேட்டால் தொல்லை. அதற்காக ஃபோக்ஸ்வாகன் குழுமம் போன்றவை ஒரு வசதி செய்தன. ரேடியோ தன் வண்டியின் மீட்டர் போர்டை நினைவில் வைத்துக்கொள்ளும். கரண்ட் திரும்பியதும் அதே போர்டு எதிரில் இருந்தால் எண் கேட்காமல் பாடும். வேறு போர்டு இருந்தால், தன்னை யாரோ வேறு வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று முடிவு கட்டும். எங்கள் ரேடியோ எங்களையே திருடர்கள் என்று நினைத்துவிட்டது.

எண்ணை ஊகித்துப் பார்க்கலாமே என்றான் ஒரு தம்பி. நாலு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்பு. இந்த வகை செட்டில் இரண்டு முறை தப்பானால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதுவும் செட் ஆனில் இருக்க வேண்டும். மணிக்கு இரண்டு என்றால் 5,000 மணி நேரம், அதாவது இருநூறு நாளுக்கு மேல். பேட்டரி அதற்கு முன்பே செத்துவிடும். செட்டைப் பிரித்துச் சிப்பைப் படிக்க முடியும், ஆனால் போனால் போனதுதான், முதலில் கம்பெனியில் கேளுங்கள் என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

கேட்டோம். கவுண்டரில் இருந்தவர் வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், “வண்டி யாரோடது?” என்றார். ஆர்.சி. புக்கைக் காட்டினோம். “இது யாரு?” என்றார். பெயருக்குரிய தோழர் பக்கத்தில்தான் நின்றார். ஆவணம் கேட்பது நியாயம், கேட்கத்தான் வேண்டும். ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டும் கேட்கிற அந்த இரண்டாவது கேள்வி வேறு வகை. செக்போஸ்டிலும் வங்கியிலும் அதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கடைசியில், “வெளியில வேலை பார்த்த வண்டிக்கு நம்பர் தர மாட்டோம், புது செட் போட்டுக்குங்க” என்று முடித்தார்.

இந்த ‘வெளியில வேலை பார்த்த வண்டி’ என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றம். வெளியில் ரிப்பேர் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த ஆணை சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. 2022ல் நுகர்வோர் விவகாரத் துறை ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்காகக் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

இரண்டாம் முறை எண் கொடுக்கும் அதிகாரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை மனுவோடு போனோம். ஆர்.சி. நகல், உரிமையாளரின் அடையாள அட்டை, செட்டை வெளியே இழுத்து அதன் ஸ்டிக்கரிலிருந்து எடுத்த பதினாலு எழுத்து சீரியல் எண், மீட்டர் வாங்கிய ரசீது எல்லாம் இணைத்தோம். கீழே ஒரு வரி: மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும். வாயால் மறுப்பது சுலபம். எழுதி சீல் போட்டு மறுக்க ஆள் கிடைப்பதில்லை. அரை மணி நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எண் வந்தது. முதல் நான்கு பட்டன்களால் எண்ணை வைத்து, ஒரு அழுத்து அழுத்தினோம். திறந்துகொண்டது.

எங்களுக்கு எரிச்சல் தருவது வேறொன்று. ஃபோர்டு, ரெனோ வண்டிகளின் பல பழைய செட்டுகளில் இந்த எண், செட்டின் சீரியலிலிருந்தே ஒரு கணக்குப்படி வருவது. கணக்கு தெரிந்தவன் நொடியில் சொல்லிவிடுவான். செட்டைத் திருடியவன் கையிலும் அதே ஸ்டிக்கர்தான் இருக்கிறது. பூட்டு அவனை அதிகம் தடுப்பதில்லை. அட்டையைத் தொலைத்த முதல் ஓனரிடம் வண்டி வாங்கிய மூன்றாவது ஓனரைத்தான் தடுக்கிறது. நம் ஆட்கள் வாங்குவது பெரும்பாலும் மூன்றாம் கை வண்டிதான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விலை பேசும்போதே ரேடியோ எண் அட்டையைக் கேளுங்கள். மேனுவல் புத்தகத்துக்குள் செருகியிருக்கும், விற்பவருக்கே தெரியாது. மீட்டர் போர்டு மாற்றினால் பழைய போர்டில் கடைசியாக ஓடிய கிலோமீட்டரையும் புதியது காட்டும் கிலோமீட்டரையும் ரசீதில் தேதியோடு எழுதி வாங்குங்கள். நாளை நீங்கள் விற்கும்போது, மீட்டரைத் திருப்பி வைத்தவர்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. எங்கள் ரசீதில் இரண்டு எண்ணும் இருக்கின்றன. ரேடியோ எண்ணை ஆர்.சி. உறையின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறோம், ஐந்து பேர் போனிலும் இருக்கிறது. எஃப்.எம். ஸ்டேஷன்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடித் திரும்பப் பதிய வேண்டியிருந்தது. அதில்தான் சண்டை இன்னும் முடியவில்லை.