மொட்டு ஒளியும் இடம்

திருப்பதியிலும் சித்தூரிலும் தாவரச் சூழலியல் பயிலும் முதுகலை மாணவர் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவைக் கண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் அத்தீவின் தாவரக் கணக்கு அவருக்கு மனப்பாடம்: 1, 22, 60, 15, 2. நார்வேக்கு வடக்கே, துருவத்தை நெருங்கிக் கிடக்கும் ஒரு பனித்தீவின் நூற்றுச் சொச்சம் தாவர இனங்களை வாழ்வடிவங்களாகப் பிரித்து, டென்மார்க்குத் தாவரவியலாளர் கிறிஸ்டன் ராங்கியர் விழுக்காட்டில் தந்த வரிசை அது. தேர்வில் கேட்கப்படும், எழுதினால் மதிப்பெண் உண்டு. அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கேள்வி இருந்தது என்பதுதான் வகுப்பறையில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

ராங்கியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்ட கேள்வி எளியது. ஆண்டின் கொடிய பருவம் வரும்போது ஒரு செடி தன் அடுத்த தளிருக்கான மொட்டை எங்கே வைத்துக் காக்கிறது? காற்றில் உயரமாக வைத்திருந்தால் அது மரம் அல்லது புதர். தரையையொட்டி, 25 செ.மீ. உயரத்துக்குள் வைத்திருந்தால் வேறொரு வகை. மண் மட்டத்திலேயே என்றால் மூன்றாவது. மண்ணுக்குள்ளோ நீருக்குள்ளோ என்றால் நான்காவது. மொட்டே வேண்டாம், விதையாகக் கிடந்து பிழைத்துக்கொள்வேன் என்பவை ஐந்தாவது வகையான ஒருபருவச் செடிகள். உலகெங்கிலுமிருந்து தெரிந்தெடுத்த இனங்களைக் கொண்டு அவர் அமைத்த பொதுக் கணக்கு 46, 9, 26, 6, 13. அதனோடு ஸ்பிட்ஸ்பெர்கனை ஒப்பிட்டால் விளங்கும். மரமும் புதரும் 46 இலிருந்து 1க்கு வீழ்ந்திருக்கின்றன. மண் மட்டத்தில் மொட்டை வைப்பவை 26 இலிருந்து 60க்கு ஏறியிருக்கின்றன. ஒருபருவச் செடிகள் 2 விழுக்காடுதான்; முளைத்து, பூத்து, விதைத்து முடிக்க அங்குள்ள கோடை போதாது.

அங்கே தாவரத்தைக் காப்பது பனி. துருவ வில்லோ என்னும் மரம் தரைக்கு மேல் சில சென்டிமீட்டர்களே எழும். அதன் கிளைகள் பாசிக்குள்ளும் மண்ணுக்குள்ளும் படர்ந்திருக்கும். வெளியே கடுங்குளிர் நிலவினாலும், பனிப் போர்வைக்குக் கீழே தண்டும் மொட்டும் உறைகாற்றின் நேரடித் தாக்குதலிலிருந்து தப்புகின்றன. போர்வை குலைந்தால் கதை வேறு. அண்மைக் காலத்தில் ஸ்வால்பார்டின் நடுக்குளிர்காலத்தில் மழை பெய்யத் தொடங்கியிருக்கிறது. பனிமேல் பெய்த மழை உறைந்து பனிக்கட்டித் தகடாகித் தரையைப் பூட்டிவிடுகிறது. காசியோப் போன்ற என்றும் பசிய குறுஞ்செடிகளின் தளிர்கள் அதனால் மடிகின்றன. மேய்ச்சல் கிடைக்காமல் கலைமான்கள் பட்டினி கிடக்கின்றன. சற்றுத் தெற்கே, ஊசியிலைக் காடுகளில், கொடிய பருவத்தோடு தீயும் சேர்ந்துகொள்கிறது. வட அமெரிக்காவின் ஜாக் பைன் மரம் தன் கூம்புகளைப் பிசினால் அடைத்து வைத்து, தீயின் வெப்பத்தில் திறந்து விதைகளைச் சிந்தும். இவையெல்லாம் ராங்கியரின் கேள்விக்குத் தாவரங்கள் தந்த விடைகள்.

இதே கேள்வியைச் சேஷாசலத்தில் கேட்க வேண்டும். 2010 இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இம்மலைத்தொடர் ஏறத்தாழ 4,756 சதுர கி.மீ. பரப்புடையது, அன்றைய சித்தூர், கடப்பை மாவட்டங்களில் விரிந்தது. (2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபின் ஆய்வேடுகளின் 'ஆய்வுப் பகுதி' அதிகாரத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.) குவார்ட்சைட் பாறைமீது மெல்லிய மண். இரு பருவமழைகளாலும் ஓரளவு நனையும் நிலம். இங்கே குளிர் ஒரு பொருட்டே அல்ல. கொடிய பருவம் மாசியில் இலையுதிர்வோடு தொடங்கி ஆனி வரை நீள்கிறது. அதன் ஆயுதங்கள் வறட்சி, வெயில், தரைத்தீ. 2014 மார்ச்சில் திருமலையை ஒட்டிய காடுகளில் பரவிய தீயை அணைக்க விமானப் படையின் ஹெலிகாப்டர்களை வரவழைக்க நேர்ந்தது.

இக்கொடிய பருவத்துக்கு இம்மலையின் தாவரங்கள் தரும் விடைகள் வியப்பானவை. செம்மரம் இலை முழுதும் உதிர்த்து நிற்கும். வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் தளிர்க்கும். 1961 இல்தான் அறிவியல் பெயர் பெற்ற இம்மலைக் குங்கிலிய மரம் இலையற்ற கோடையிலேயே பூக்கிறது. இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. வறண்ட காட்டின் பல மரக்கன்றுகள் ஒவ்வொரு கோடையிலும் தண்டு கருகி மடிகின்றன; வேர்க்கட்டை மட்டும் உயிரோடிருந்து மழைக்குப் பின் மீண்டும் துளிர்க்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே நிகழும். களப் பதிவேட்டில் 'மரம்' என்று எழுதப்படும் அந்த இனம், தன் இளமை முழுவதும் மண்ணுக்குள் மொட்டை வைத்திருக்கும் பூண்டாக வாழ்கிறது. ராங்கியரின் முதல் கட்டத்துக்கும் நான்காவது கட்டத்துக்கும் இடையே ஒரே உயிர் நடந்து போகிறது. இதைப் பட்டியலில் எந்த எண்ணால் குறிப்பது?

இந்திய ஆய்வேடுகள் இக்கேள்வியோடு மல்லுக்கட்டுவது அரிது. வாழ்வடிவ ஆய்வு இங்கே ஒரு சடங்காகிவிட்டது. ஒரு மலையையோ தாலுகாவையோ எடுத்துக்கொள்வது, இனங்களைப் பட்டியலிடுவது, கையேட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்தில் அடைப்பது, விழுக்காடு போடுவது, பொதுக் கணக்கோடு ஒப்பிட்டு, 'இப்பகுதி தீரோ-பெனரோபைட்டிக் காலநிலை உடையது' என்று முடிப்பது. முடிவு முன்னரே தெரிந்ததுதான். மரமும் ஒருபருவச் செடியும் மிகுந்திருக்கும் என்று தெலுங்கு நாட்டின் எந்த ஆட்டு இடையரும் சொல்லிவிடுவார்.

அந்த இடையரின் ஆடுகளும் கணக்கில் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். இனங்களின் எண்ணிக்கையை மட்டுமே இம்முறை பார்க்கிறது. ஒவ்வொன்றும் எத்தனை செடிகள் என்பதைப் பார்ப்பதில்லை. மேய்ச்சலும் பாதையோரக் குப்பையும் மிகுந்த இடத்தில் களைகளாக வரும் ஒருபருவச் செடிகள் பெருகும், விழுக்காடு ஏறும், அது காலநிலையின் கணக்கில் வரவு வைக்கப்படும். உலகிலேயே இம்மலைகளைச் சார்ந்து மட்டும் வாழும் சைகஸ் பெட்டோமி முதல் கட்டத்தில் ஓர் எண். வேற்றுநாட்டிலிருந்து வந்து புதராய் மண்டிய உண்ணிச்செடியும் அதே கட்டத்தில் இன்னோர் எண். இரண்டுக்கும் ஒரே எடை. ராங்கியர் இந்தக் கணக்கைக் காலநிலையை வரைவதற்காக அமைத்தார். அதைப் பாதுகாப்புக்கான அளவுகோலாக்கியது பின்வந்தவர்களின் சோம்பல்.

எண்களைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கொடிய பருவத்தைப் பற்றிய ஆய்வு நல்ல பருவத்திலேயே நடக்கிறது. பூ இருந்தால்தான் இனத்தை அடையாளம் காண முடியும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் மாணவர்கள் மலையேறுகிறார்கள். அப்போது எல்லாச் செடியும் பச்சை. எங்கே ஒளிந்திருந்தது என்பதற்கு எந்தத் தடயமும் இராது. மொட்டு இருக்கும் இடத்தைக் கண்ணால் காணக்கூடிய சித்திரை, வைகாசியிலோ தேர்வும் விடுமுறையும் வந்துவிடுகின்றன.

ஆர்க்டிக்கிலும் நெடுங்காலம் இதே கதைதான். கப்பலும் வெளிச்சமும் கிடைக்கும் சில வாரங்களில் போய்த் திரும்புவது வழக்கம். 1990 இல் தொடங்கிய பன்னாட்டுத் தூந்திர ஆய்வுத் திட்டம் மேற்புறம் திறந்த சிறு ஒளிபுகும் அறைகளைத் தரைமீது நிறுத்தி, செடிகளுக்கு ஓரிரு பாகை வெப்பத்தைக் கூட்டிப் பார்த்தது. அதன் முதன்மைக் கவனம் கோடை வளர்ச்சி. குளிர்கால மழையும் பனிக்கட்டித் தகடும் தளிர்களைக் கொல்வது தெரிந்தபின்னரே, இருளில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் தங்கத் தொடங்கினார்கள். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் அதே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் நி-ஓலசுண்டில் இயங்குகிறது. அங்கே அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடு வரை சூரியன் உதிப்பதில்லை. தொலைவும் செலவும் இருளும் கடந்து அங்கே ஆளனுப்ப முடிகிற நாட்டில், திருமலைச் சரிவுக்கு மே மாதத்தில் ஒரு மாணவர் போவது ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது?

விடுமுறையும் வெயிலும் மட்டும் காரணமல்ல. மலையின் ஒரு பகுதி 1989 முதல் தேசியப் பூங்கா. வனத்துறையின் அனுமதி வேண்டும். செம்மரக் கடத்தல் பெருகியபின் காட்டுக்குள் நடமாடும் எவரும் ஐயத்துக்கு உரியவர். 2015 ஏப்ரல் 7 அன்று இம்மலைக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த மரம் வெட்டும் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்பு என்றது காவல் துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. பலர் சவ்வாது மலையையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த ஏழைகள். அவர்களை அழைத்துவந்த மரத்தின் சிவந்த வைரம் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். துருவ வில்லோவைப் போலவே அவசரம் அறியாத உயிர் அது. அந்தக் காட்டுக்குக் கோடையில் தன் மகளையோ மகனையோ ஆய்வுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரைக் குறை சொல்ல இயலாது.

ஆயினும் கோடையில் மட்டுமே படிக்கக் கிடைப்பவை அங்கே இருக்கின்றன. சைகஸ் பெட்டோமி அவற்றுள் ஒன்று. சென்னை மாகாண வனத்துறைத் தலைவராயிருந்த பெட்டோமின் பெயரால் 1883 இல் விவரிக்கப்பட்ட இனம். உலக வணிகத் தடைப் பட்டியலின் மிகக் கடுமையான முதல் இணைப்பில் இடம்பெற்றிருப்பது. தீ புல்லை எரித்துச் செல்லும்போது அதன் ஓலைகள் கருகிவிடும். பழைய மட்டைகளின் அடிகள் கவசமாக இறுகிய தண்டின் உச்சியில் மொட்டு உயிரோடிருக்கும். கரிந்த சரிவில் சில வாரங்களிலேயே வெளிர்பச்சைக் குருத்தோலைகள் விரியும். முதிர்ந்த செடிக்குக் கவசம் உண்டு. முளைத்து ஓரிரு ஆண்டே ஆன நாற்றுக்கு அது கிடையாது. நாட்டு மருந்துக்காக ஆண் கூம்புகள் அறுக்கப்படும் சரிவில் விதை பிடிப்பது குறையும். தீ ஆண்டுதோறும் திரும்பினால் பிடித்த விதையின் நாற்றும் மிஞ்சாது. முதிர்ந்த தண்டுகளைக் கார்த்திகையில் எண்ணினால் இனம் நலமாக இருப்பதாகவே கணக்கு வரும். தீ கடந்த மறுவாரம், சாம்பலை விலக்கி, ஒரு மீட்டர்ச் சதுரத்துக்குள் எத்தனை நாற்றுகளின் குருத்து மண்ணுக்குக் கீழே இன்னும் பச்சையாக இருக்கிறது என்று எண்ண வேண்டும். அதற்கு ஓர் அளவு நாடாவும், ஒரு மெல்லிய தூரிகையும், வனத்துறையின் அனுமதிக் கடிதமும், மே மாதத்தில் பத்து நாட்களும் போதும்.