மாமியின்ட குளிசை

கொட்டாஞ்சேனை மாமி கை தோல் உரியுமட்டும் கழுவுவா. கேஸ் அடுப்பைப் பூட்டிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பா. ஆசாரமான மனுசி என்றுதான் சனம் சொல்லிச்சு. டொக்டர் ஓசிடி என்று செர்ட்ராலின் எழுதினதும் மகள் என்னோட சண்டைக்கு வந்திட்டாள். "அம்மாவுக்கு டிப்ரஷன் இல்லையே, பிறகேன் அந்தக் குளிசை?"

செரட்டோனினில வேலை செய்யிற இந்த மருந்துகள் டிப்ரஷனுக்கு மட்டுமில்லை, பதகளிப்புக்கும் ஓசிடிக்கும் முதலில குடுக்கிறவைதான். செரட்டோனினில வேலை செய்யிற இன்னொரு மருந்தான குளோமிப்ரமினுக்கு அமெரிக்கா ஓசிடிக்கென்றே 1989இல அனுமதி குடுத்திட்டுது. ஓசிடிக்கு அளவு பொதுவாக் கூட வேணும். பலன் தெரிய 8, 12 கிழமைகூட எடுக்கலாம். ஆனா வயித்துப் பிரட்டல், படபடப்பு எல்லாம் முதல் கிழமையே வந்திடலாம். கனபேர் அங்கதான் விட்டிடுகினம். சுகமானதும் டொக்டரைக் கேக்காமல் டக்கென்று நிப்பாட்டுறதும் பிழை. தலைச்சுத்து வரலாம், வருத்தமும் திரும்பலாம். படிப்படியாத்தான் குறைக்கோணும்.

குளிசை மட்டும் போதுமென்றும் நான் சொல்லேல்ல. கழுவாமல் பொறுத்திருக்கப் பழக்கிற சிகிச்சையும் சேர்ந்தால் நல்லம். அதுக்கு ஆள் பிடிக்கிறது, அதுவும் தமிழில, கொழும்பிலயே கஷ்டம்.

"அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கோ போகச் சொல்லுறாய்?" என்று கேக்கிற ஆக்களுக்கு: அங்கதான் போகோணுமென்றில்லை. வெள்ளவத்தையில இருந்து களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. கொட்டாஞ்சேனை ஆக்களுக்குத் தேசிய வைத்தியசாலை. ரெண்டும் அரசாங்க ஆஸ்பத்திரி, காட்டக் காசில்லை. போனில கதைக்கிறதென்றால் தேசிய மனநல நிறுவகத்தின்ட 1926.