ஒரே பாட்டு... ஒவ்வொரு ராத்திரியும் வேற மாதிரி! சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நாள் இசை உலா

சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறவர்கள் கோல்டன் கேட் பாலத்தில் செல்ஃபி எடுப்பார்கள். மேடேறும் கேபிள் காரில் தொங்கியபடி ஒரு ரவுண்ட் போவார்கள். இசைப் பிரியர்கள் மட்டும் இன்னொரு முகவரியையும் தேடிப் போவார்கள்: 710, ஆஷ்பரி தெரு.

வாசல் படிக்கட்டு, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஜன்னல்கள் என அந்தத் தெருவின் மற்ற பழைய வீடுகளைப் போலத்தான் இதுவும். 1966 முதல் 1968 வரை 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழுவின் ஜாகை இங்கேதான். இன்று இது தனியார் வீடு. ரசிகர்கள் நடைபாதையிலிருந்தே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்களும் காலிங் பெல்லைத் தொடாமல் வந்துவிடுங்கள்!

ஜாம் பேண்ட் என்றால் என்ன?

கிரேட்ஃபுல் டெட் 1965-லிருந்து 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள் நடத்தியது. அமெரிக்காவின் டாப் 10 பட்டியலில் இடம்பிடித்ததோ ஒரே ஒரு பாட்டு, 1987-ல் வந்த 'டச் ஆஃப் க்ரே'. ஆனாலும் ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள். நேற்று வாசித்ததை இன்று அப்படியே வாசிக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

பாட்டு வழக்கம்போலத்தான் தொடங்கும். இரண்டு சரணம் முடிந்ததும் பாடகர் நிறுத்திவிடுவார். கிதார் ஒரு பக்கம் போகும், பேஸ் கிதார் அதைச் சீண்டும், இரண்டு டிரம்ஸ் கலைஞர்களும் தாளத்தை மாற்றிப் பார்ப்பார்கள். எங்கே போய் முடியும் என்பது மேடையில் இருப்பவர்களுக்கே தெரியாது. சில நேரம் இடைவெளியே விடாமல் வேறு பாட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். இதுதான் 'ஜாம்'. 'டார்க் ஸ்டார்' பாட்டு 1968-ல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த ஆண்டு 'லைவ்/டெட்' ஆல்பத்துக்காக இதே நகரின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் பதிவானபோது 23 நிமிடம்!

தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. உண்மையாகவே ஓர் உறவும் உண்டு. குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991-ல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனின் தபேலாவோடு நம்ம விக்கு விநாயக்ராமின் கடமும் ஒலிக்கிறது. உலக இசை ஆல்பத்துக்கான கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, வென்றது இந்த ஆல்பம்தான்.

பூங்காவில் டிரம்ஸ் வட்டம்

ஆஷ்பரியிலிருந்து ஹெய்ட் தெருவுக்கு வந்து மேற்கே நடந்தால், தெரு முடிகிற இடத்தில் கோல்டன் கேட் பார்க். உள்ளே 'ஹிப்பி ஹில்' என்ற புல்மேடு. வார இறுதிகளில் முன்பின் தெரியாதவர்கள் கூடி உட்கார்ந்து டிரம்ஸ் வாசிப்பார்கள். ஒருவர் தாளம் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். டிக்கெட் கிடையாது.

அந்தக் காலத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. போதை பல கலைஞர்களைச் சீரழித்தது. குழுவின் முகமாக இருந்த ஜெர்ரி கார்சியா, 1995 ஆகஸ்ட்டில் மறுவாழ்வு மையம் ஒன்றில் இறந்தபோது அவருக்கு வயது 53. அதோடு குழுவும் கலைந்தது. பேஸ் கிதார் கலைஞர் ஃபில் லெஷ் 2024-ல் காலமானார்.

அந்தந்த நிமிடத்தில் பிறக்கிற இசை, வாசித்தவர்கள் போன பிறகு என்ன ஆகும்? அதற்கு பதில் பூங்காவின் வடக்கே இருக்கிறது.

தேவாலயத்தில் கேசட்டுகள்

ஃபுல்டன் தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், 300, ஃபன்ஸ்டன் அவென்யூ. வெள்ளைத் தூண்களோடு நிற்கும் பழைய தேவாலயக் கட்டடம் இப்போது 'இன்டர்நெட் ஆர்கைவ்' என்ற டிஜிட்டல் நூலகம்.

கச்சேரியை ரெக்கார்ட் செய்தால் பல குழுக்கள் மெஷினைப் பிடுங்கிவிடும். கிரேட்ஃபுல் டெட் தடுக்கவில்லை. 1984-ல் ரெக்கார்ட் செய்பவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. காசுக்கு விற்காமல் கேசட்டுகளை ஒருவருக்கொருவர் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள் ரசிகர்கள். அப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பதிவுகளை இன்று இந்த நூலகத்தின் தளத்தில் யாரும் இலவசமாகக் கேட்கலாம். நல்ல ராத்திரிகள் மட்டுமல்ல, சொதப்பிய ராத்திரிகளும் அதில் உண்டு.

ஆம், சொதப்பலும் இந்த இசையில் சேர்த்திதான். 1969-ல் உட்ஸ்டாக் விழாவில் மழை, கிதாரைத் தொட்டால் ஷாக்! அங்கே மோசமாக வாசித்தோம் என்று அவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். புதிதாகத் தேட ஒருவர் துணிந்தால் சில நாள் ஒன்றும் அகப்படாதுதான்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு

- 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரியிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது இதை.
- பாட்டு வரிகளை மறந்துவிட்டு, ஏதாவது ஒரு வாத்தியத்தை மட்டும் ஐந்து நிமிடம் பின்தொடருங்கள். பேஸ் கிதார் நல்ல தேர்வு.
- நடுவில் போரடித்தால் தப்பில்லை. சமைத்துக்கொண்டே கேட்கலாம். திடீரென எல்லா வாத்தியமும் ஒன்றுகூடும் இடத்தில் கை தானாக நிற்கும்.

சாயங்காலம் ஃபில்மோர்

நூலகத்துக்குப் பக்கத்திலேயே கியரி தெரு. 38-ம் நம்பர் பஸ் ஃபில்மோர் தெரு முனையில் இறக்கிவிடும். 1965 டிசம்பரில் கிரேட்ஃபுல் டெட் தன் ஆரம்ப கால நிகழ்ச்சிகளில் ஒன்றை நடத்திய ஃபில்மோர் அரங்கம் அங்கே இருக்கிறது. ஃபில்மோர் வெஸ்ட் வேறு, இது வேறு. நுழைவாயிலில் ஒரு தொட்டி நிறைய ஆப்பிள், வருகிறவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே கூரையில் சரவிளக்குகள், சுவரெங்கும் பழைய கச்சேரி போஸ்டர்கள்.

அன்றைக்கு மேடையேறுவது நீங்கள் பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு குழுவாக இருக்கலாம். பிரமாதமாக வாசிப்பார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அன்று அங்கே பிறக்கிற இசையை முதலில் கேட்பது, ஆப்பிளைக் கடித்தபடி நிற்கும் நீங்கள்தான்!