காத்துவைத்த முதலிடம்

2010-ஆம் ஆண்டு, சிகாகோ அலுவலகத் தோழர்கள் பதினொருவருடன் கற்பனை பேஸ்பால் ஆடினேன். நிஜ வீரர்களைப் பங்கிட்டுக்கொள்வோம்; களத்தில் அவர்கள் குவிப்பது நமக்குப் புள்ளியாகும். ஒருவர் கழித்துவிட்ட வீரரைப் பிறர் கோர ஒரு வரிசையுண்டு. பெயர் வெய்வர். முதலில் நிற்பவர் கேட்டால் கிடைக்கும். பெற்றவுடன் கடைசிக்குப் போய்விட வேண்டும். வீரர்த் தேர்வில் கடைசியாக வந்ததால் இவ்வரிசையில் எனக்கு முதலிடம். நல்ல நாளுக்கென்று அம்மா பீரோவில் மடித்துவைத்துக் கடைசிவரை உடுத்தாத பட்டுப்புடவையைப்போல் அதைக் காத்துவந்தேன்.

ஏப்ரல் இறுதியில் யாரோ ஹொசே பௌட்டிஸ்டாவைக் கழித்தார். டொராண்டோ அணிக்காரர், வயது 29. ஒரு பருவத்தில் 16 ஹோம் ரன்களைத் தாண்டியறியாதவர். 2004-இல் மட்டும் நான்கு அணிகளுக்கு ஆடியவர். அதாவது, நிஜ மேலாளர்களே அவரைக் கைமாற்றிக் கைமாற்றித் தள்ளியிருந்தார்கள். இவருக்காகவா முதலிடத்தை இழப்பது? அன்றிரவு வெகுநேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு மூடினேன். (மனைவி கேட்டதற்கு, அலுவலக வேலை என்றேன்.) இரண்டாமிடத்துக்காரர் எடுத்துக்கொண்டார்.

அவ்வாண்டு பௌட்டிஸ்டா 54 ஹோம் ரன்கள் அடித்தார். இரு லீகுகளிலும் வேறெவரும் அவ்வளவு அடிக்கவில்லை. பருவம் முடிந்தபோது என் அணி ஒன்பதாமிடம். வெய்வர் வரிசையில் மட்டும் அப்போதும் நானே முதலில் நின்றிருந்தேன்.