ஒரு குடம் தண்ணீரில் பூத்த வாசல்

இரண்டு இதழ்களுக்கு முன் வாசகி ஒருவர் கேள்வி பகுதியில் கேட்டிருந்தார்: 'எங்கள் ஊரில் குடிக்கவே லாரித் தண்ணீர்தான். வாசலில் வைக்க, சாகாத பூச்செடி ஏதாவது உண்டா?' அதைப் படித்ததும் என் தங்கை வீட்டு வாசல்தான் நினைவுக்கு வந்தது. அங்கே போய்வந்த கதையோடு சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

நான் லால்குடி பக்கத்து நெல் விவசாயி. வாய்க்கால் நாலு நாள் தாமதமானால் கூட்டம் போட்டுச் சத்தம் போடும் ஊர் எங்களுடையது. தங்கையைக் கட்டிக் கொடுத்தது ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் ஒரு சிற்றூர். போன சித்திரையில் மதுரை, அருப்புக்கோட்டை, கமுதி என்று பேருந்து மாறி, பெருநாழி போகும் வண்டியில் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலமும் பனையும்தான். கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. கரிமூட்டம் போட்ட இடங்களில் புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் நின்றுவிட்டேன். வேலி ஓரம் முழுக்க நித்தியகல்யாணி. இளஞ்சிவப்பு, வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை. அந்த வெயிலில் பச்சை என்று சொல்ல அந்தத் தெருவில் வேறு எதுவும் இல்லை.

"எவ்வளவு தண்ணி ஊத்துற?" என்றேன்.

"பாத்திரம் கழுவுன தண்ணிதாண்ணே. ரெண்டு நாளைக்கு ஒரு குடம், அத்தனை செடிக்கும் சேத்து. மறந்துட்டாலும் கோவிச்சுக்காது."

உச்சிவெயிலில் பார்த்தபோது இலைகள் சுருண்டு தொய்ந்திருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாம் நிமிர்ந்துவிட்டன. இலை வழவழப்பாக, கொஞ்சம் தடித்து இருக்கும். வேர் ஆழமாக இறங்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பிறந்த இடம் மடகாஸ்கர் தீவு. இன்று வெயில் அடிக்கும் நாடுகளில் எல்லாம் பரவிவிட்டது. நம் பக்கம் இதைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வாசலில் வைக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்திலும் பூத்து நிற்பதால் வந்த பெயர் அது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் போனது பூ பார்க்க இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பேத்திக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டாவது வருடமாகச் சிகிச்சை நடக்கிறது. மாதம் ஒருமுறை 'வின்கிரிஸ்டின்' என்று ஓர் ஊசி. அது போட்ட வாரம் தாடை வலிக்கிறது என்பாள், மலம் இறங்காமல் அழுவாள், நடக்கும்போது பாதம் தரையில் உரசும். அந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது என்று யாரோ சொன்னார்கள். அப்படியென்றால் இலையையே பறித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு ஊசி வேதனை இல்லையே என்று எனக்கு ஓடியது. மகனிடம் சொல்லவில்லை. ஒரு மஞ்சள் பையோடு கிளம்பி வந்திருந்தேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஊருக்குத் தெற்கே செம்மண் சரளை நிலம், ஒன்றரை ஏக்கர், மானாவாரி. முழுக்க நித்தியகல்யாணி. புரட்டாசி கடைசியில் விதைத்தது, ஆறு மாதம் முடிந்து இலைப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. வேலியே இல்லை.

"ஆடு மேயாதா மாப்பிள்ளை?"

"வாயே வைக்காது மச்சான். கசப்பு, விஷம். ஆனா பிடுங்கிக் காயப்போட்டதைத் தீவனத்தோட கலக்க விட்டுடக் கூடாது. தெரியாமத் தின்னுச்சுன்னா ஆபத்து."

அந்த ஒரு வார்த்தை என்னை உலுக்கியது. ஆடு தொடாத இலையை நான் குழந்தைக்குக் கொடுக்க இருந்தேன். பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சாகுபடி முறையை மாப்பிள்ளை வரப்பில் உட்கார்ந்து சொன்னார். விதை கறுப்பாக, மிகப் பொடியாக இருக்கும். ஏக்கருக்கு ஒரு கிலோ. அதோடு பத்து மடங்கு மணல் கலந்தால்தான் சீராக விழும். மண் மூடாத விதை சரியாக முளைக்காது, இருட்டு வேண்டும். அதனால் தூவியதும் முள்கிளையை லேசாக இழுத்துவிடுகிறார்கள். பத்து நாளில் முளை தெரியும். பிறகு களைத்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி இருக்கும்படி விடவேண்டும். இரண்டாம் மாதம் ஒரு களை, நான்காம் மாதம் ஒரு களை. ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலைப் பறிப்பு. பன்னிரண்டாம் மாதம் தண்டை நான்கு விரல் உயரம் விட்டு அறுத்துவிட்டு, மண் ஈரமாக இருக்கும்போது உழுது வேரை எடுப்பார்கள். இலை, வேர் இரண்டையும் நிழலில் காயவைக்க வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ காய்ந்த இலை, 300 கிலோ காய்ந்த வேர் என்பது பொதுக் கணக்கு. மழை பொய்த்தால் குறையும்.

லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர்கள் ஆய்வு நிறுவனம் நிர்மல், தவல் என்று இரண்டு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இரண்டும் வெள்ளைப் பூ.

"வறட்சியில சாகாது. தண்ணி நின்னாத்தான் சாகும்" என்றார். அவருடைய கரிசல் துண்டில் ஒருமுறை விதைத்து, ஐப்பசி அடைமழையில் நுனியிலிருந்து கருகி முழுக்கப் போய்விட்டதாம். இன்னொன்று, விலை. அறுத்துக் காயவைத்த பிறகு வியாபாரி சொன்னதுதான் விலை என்று ஒரு வருடம் ஆகிவிட்டது. அதிலிருந்து, எடுப்பவர் யார், என்ன விலை, இலையா வேரா என்று பேசி முடிக்காமல் விதைப் பையை அவிழ்ப்பதில்லை.

திரும்பி வந்ததும் பேத்தியின் மருத்துவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி ஒரு கதை சொன்னார்.

ஜமைக்கா தீவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பது வழக்கம். 1952-இல் அங்கிருந்து கனடாவுக்கு ஒரு கடித உறையில் 25 இலைகள் வந்தன. ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானி அந்தச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ரத்த வெள்ளையணுக்கள் சரிந்தன, எலிகள் நோய்த்தொற்றில் செத்தன. வெள்ளையணு கட்டுமீறிப் பெருகும் நோய்தானே ரத்தப் புற்றுநோய்? நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். பின்னால் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் கிடைத்தது, 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பு இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்று பிழைப்பதே பெரிது. வேறு மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன.

"உங்க பேத்திக்கு நான் குடுக்குறது ஒரு மில்லிகிராம் சுத்தி. அவ உயரம், எடை பார்த்துக் கணக்குப் போடுறோம். அதுவும் நேரா ரத்தக்குழாய்ல. இலையில நூத்துக்கு மேல வேற வேற காரப்பொருள் இருக்கு. ஒரு கிராம் மருந்து எடுக்கப் பல நூறு கிலோ காய்ஞ்ச இலை வேணும். உங்க கஷாயத்துல மருந்து இருக்காது, விஷம் இருக்கும். ஏற்கெனவே வெள்ளையணு குறைஞ்ச குழந்தைங்க அவ."

சர்க்கரைக்கு என்று இந்தப் பூவையும் இலையையும் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதில். குடிக்காதீர்கள்.

இப்போது வாசகியின் கேள்விக்கு வருகிறேன். வைக்கலாம், தாராளமாக. முற்றி மஞ்சளாகும் காய்களை, வெடிப்பதற்கு முன் பறித்து, நிழலில் உலர்த்தி விதை எடுங்கள். தொட்டியில் தூவி மெல்லிய மண் மூடி, இரண்டு மாத நாற்றை மழைக்காலத் தொடக்கத்தில் வாசலில் நடுங்கள். பிடிக்கும் வரை ஒரு மாதம் தவறாமல் தண்ணீர். பிறகு மண் நன்றாகக் காய்ந்த பின்தான் அடுத்த சொம்பு. எங்கள் களிமண்ணில் நான் பாசமாகத் தினமும் ஊற்றி முதல் ஆறு செடியை அழுகவிட்டேன். உடைந்த செங்கல்லும் மணலும் போட்டு மேடாக்கி வைத்த பிறகுதான் நின்றது. இரண்டு வருடத்தில் செடி கம்பாக நீளும். மழைக்கு முன் ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள், புதிதாகத் தளிர்க்கும். இலை பொடிந்து சிறுத்துக் கொத்தாக வந்தால் அது சிற்றிலை நோய், அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். சின்னக் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் கை கழுவச் சொல்லுங்கள்.

எங்கள் வாசலில் இப்போது நாலு செடி பூத்திருக்கிறது. ஊசி போடாத வாரங்களில் பேத்தி வந்து அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அவளால் ஒரு டம்ளருக்கு மேல் தூக்க முடிவதில்லை. இந்தச் செடிக்கு அது போதும்.